டெபியனில் பாதி இவர் பெயர்

நம்ம லேப்ல எந்த உபுண்டு சிஸ்டத்தைத் திறந்தாலும் முதல்ல கத்துக்கிற கமாண்ட் ஒண்ணு இருக்கு: சூடோ ஆப்ட் இன்ஸ்டால். பின்னாடி ஒரு பேரைப் போட்டு என்டர் தட்டினா போதும். எங்கேயோ இருக்கிற சர்வர்லேர்ந்து அந்த சாஃப்ட்வேர் வரும், அதுக்குத் தேவையான மத்த ஐட்டங்களும் கூடவே வரும், எல்லாம் அதது இடத்துல போய் உட்காரும். செகண்ட் இயர்ல சி கம்பைலர் போட்டதிலிருந்து ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ஓபன்சிவி போட்டது வரைக்கும் இதைத்தான் பண்ணிட்டிருக்கோம். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை இப்படித் தனித்தனிப் பொட்டலமாப் பிரிச்சு, பல பேர் பங்குபோட்டுச் செய்யலாம்னு கிளம்பின ஒருத்தர், கிளம்பினப்போ நம்ம வயசுக்காரர். சொல்லப்போனா நம்மைவிட ஒரு வயசு சின்னவர். பெயர் இயன் மர்டாக். அவர் இறந்து பத்து வருஷம் ஆயிடுச்சு.

1973 ஏப்ரல் 28 அன்று, அப்போதைய மேற்கு ஜெர்மனியில் கான்ஸ்டன்ஸ் என்ற ஊரில் பிறந்தார் இயன். பெற்றோர் அமெரிக்கர்கள். அப்பா ஆராய்ச்சிக்காக அங்கே போயிருந்தார். 1975-ல் குடும்பம் அமெரிக்கா திரும்பியது. 1977-ல் அப்பாவுக்கு இண்டியானா மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் பேராசிரியர் வேலை கிடைக்க, பக்கத்தில் இருக்கும் லஃபயெட் ஊரில் பையன் வளர்ந்தார். 1991-ல் பள்ளிப்படிப்பு முடிந்தது. பிறகு அதே பர்டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ். டிகிரி வாங்கியது 1996-ல். இந்த வருஷத்தைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க. எந்த வேலைக்காக இன்னிக்கும் அவரைப் பற்றிப் பேசுறோமோ, அந்த வேலை அதுக்கு முன்னாடியே, அவர் காலேஜ்ல இருக்கும்போதே முடிஞ்சாச்சு.

1993-ல் லினக்ஸ் எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்கணும். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் வெளியிட்டது கெர்னல் மட்டும்தான். கெர்னலை மட்டும் வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. ஷெல் வேணும், கம்பைலர் வேணும், எடிட்டர் வேணும், லைப்ரரிகள் வேணும். இதில் பெரும்பகுதி ரிச்சர்ட் ஸ்டால்மனின் க்னூ திட்டத்திலிருந்து கிடைத்தது, மீதி வேறு வேறு இடங்களிலிருந்து வந்தது. யாராவது ஒருத்தர் இதையெல்லாம் திரட்டி, ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகிற மாதிரி கம்பைல் பண்ணிக் கொடுத்தால்தான் சாதாரண ஆள் பயன்படுத்த முடியும். அப்படித் திரட்டிக் கொடுப்பதற்குத்தான் டிஸ்ட்ரிபியூஷன் என்று பெயர்.

அந்தச் சமயத்தில் பிரபலமாக இருந்தது எஸ்எல்எஸ். பீட்டர் மெக்டொனால்ட் என்பவர் 1992-ல் தொடங்கியது. ஒரு கட்டு ஃப்ளாப்பி டிஸ்க்காக வரும். ஒரு ஃப்ளாப்பியின் கொள்ளளவு 1.44 எம்பி, அதாவது இன்னிக்கு நாம வாட்ஸ்அப்பில் அனுப்புற ஒரு போட்டோவின் அளவு. இயனும் அதைத்தான் போட்டுப் பார்த்தார். வெறுத்துப்போனார். பிழைகள் நிறைய, யாரும் திருத்துவதாகத் தெரியவில்லை. அதே நேரம், சிலர் அதை எடுத்து விளம்பரம் போட்டு விற்றுக்கொண்டும் இருந்தார்கள். வாங்கினவருக்குப் பிரச்சினை வந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

எஸ்எல்எஸ் மேல் கோபப்பட்டவர் இவர் ஒருவர் மட்டும் இல்லை. பேட்ரிக் வோல்கர்டிங் என்ற இன்னொரு மாணவர் அதையே எடுத்துத் துடைத்துச் சரிபண்ணி 1993 ஜூலையில் ஸ்லாக்வேர் என்ற பெயரில் வெளியிட்டார். ஸ்லாக்வேர் இன்னும் உயிரோடு இருக்கு, இன்னும் வோல்கர்டிங்தான் அதன் தலைவர். அவரைப் பார்த்தால் எனக்கு மரியாதைதான். ஆனால் அந்த முறையில் எல்லாம் ஒரே ஆளின் தலையில் இருக்கு. அவர் தூங்கினால் வேலையும் தூங்கும்.

ஒரு மாசம் கழித்து, 1993 ஆகஸ்ட் 16 அன்று, இயன் மர்டாக் புதிதாக ஒரு டிஸ்ட்ரிபியூஷன் செய்யப்போவதாக இணையத்தின் யூஸ்நெட் குழு ஒன்றில் அறிவித்தார். அப்போது அவர் வயது 20. பெயர் டெபியன். காதலி டெப்ராவின் பெயரில் பாதியையும் தன் பெயரையும் ஒட்டி வைத்தது. ரெண்டு பேரும் பின்னாடி கல்யாணம் செய்துகொண்டார்கள், 2008-ல் பிரிந்தும் விட்டார்கள். பெயர் மட்டும் பிரியவில்லை, அது லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஒட்டியபடியே இருக்கு.

வோல்கர்டிங் ஒரே ஆளாகத் துடைத்த வேலையை, இயன் பலருக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்று நினைத்தார். இது கேட்க சாதாரணமாத் தெரியும். இதை நமக்குப் பழக்கமான ஒரு விஷயத்தை வச்சுச் சொல்றேன்.

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் பஸ்ஸில் போய்ப் பாருங்க. கார் கம்பெனியின் போர்டு ஒண்ணு தெரிஞ்சா, அதைச் சுத்தி வெண்டார் கம்பெனிகளின் போர்டு வரிசையா தெரியும். டயர் செய்கிற அப்போலோ ஒரகடம் பக்கத்தில் இருக்கு. கண்ணாடி செய்கிற செயின்ட் கோபேன் ஸ்ரீபெரும்புதூரில் இருக்கு. சீட், ஒயரிங் ஹார்னெஸ், பிரேக், பிளாஸ்டிக் பாகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள். அசெம்பிளி லைன் நடத்துகிற கம்பெனி இதையெல்லாம் தானே செய்வதில்லை. அது வச்சிருப்பது டிராயிங்கும் விதிமுறையும்தான். இந்த அளவில், இந்தத் தரத்தில், இந்தப் பார்ட் நம்பர் ஒட்டி, இன்ன நேரத்துக்குள் வந்தால் எடுத்துக்கொள்வோம், இல்லாவிட்டால் சிவப்பு டேக் போட்டுத் திருப்பி அனுப்புவோம் என்கிற விதி. இன்பிளான்ட் டிரெயினிங் போனவர்களுக்கு இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன் என்ற இடம் ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு டப்பாவிலும் வெண்டார் கோடு, லாட் நம்பர். எங்கேயோ ஓடுகிற காரில் ஒரு பாகம் உடைந்தால், இந்த நம்பரைப் பிடித்துக்கொண்டே அதை யார் எந்த லாட்டில் செய்தார் என்பது வரை போகலாம்.

டெபியனும் ஏறக்குறைய இதேதான். ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்பது ஒரே கட்டியாக இருக்க வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான பொட்டலங்களாகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றையும் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். பொட்டலங்கள் ஒன்றோடொன்று பொருந்துவதற்கு விதிகள் இருக்கட்டும். இதைச் சொல்லி இயன் ஒரு அறிக்கையும் எழுதினார். டெபியன் மேனிஃபெஸ்டோ என்று தேடினால் இன்றும் கிடைக்கும். டிஸ்ட்ரிபியூஷன் செய்வது புகழில்லாத, ஆனால் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை என்பதும், அதையும் கெர்னல் மாதிரியே எல்லோரும் பார்க்கும்படி, எல்லோரும் சேரும்படி திறந்த முறையில் செய்ய வேண்டும் என்பதும் அதன் சாரம். திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி ரகசிய மந்திரத்தை ஊருக்கே சொன்னதாகச் சொல்லப்படும் ராமானுஜர் பிறந்த ஊர் நம்முடையது. அதனால இந்த மாதிரி ஆட்களை நமக்குப் புரிஞ்சுக்கிறது சுலபம்.

சரி, ஒரு டெப் ஃபைலுக்குள் என்ன இருக்கு? பலர் இதைத் திறந்து பார்த்ததே இல்லை. அது மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. பழைய யூனிக்ஸின் ஏஆர் என்கிற ஆர்க்கைவ் முறையில் கட்டிய ஒரு பொட்டலம். உள்ளே மூன்று உருப்படிகள். முதலாவதில் பொட்டலத்தின் வடிவ எண் மட்டும். மூன்றாவதில் உண்மையான ஃபைல்கள், அவை எந்தெந்த ஃபோல்டருக்குப் போகணுமோ அந்த அமைப்பிலேயே. நடுவில் இருப்பதுதான் விஷயம்: கன்ட்ரோல் பகுதி. அதில் பொட்டலத்தின் பெயர், வெர்ஷன், எந்தெந்தப் பொட்டலங்கள் முன்கூட்டியே இருக்கணும் என்ற டிபென்டென்சி பட்டியல், போடும் முன்பும் பின்பும் ஓட வேண்டிய ஸ்கிரிப்ட்கள் எல்லாம் இருக்கும். இன்னொரு வரியும் இருக்கும், அதை விட்டுவிட முடியாது. மெயின்டெய்னர் என்ற வரி. ஒரு பெயர், ஒரு மின்னஞ்சல் முகவரி.

கம்ப்ரெஷன், டிபென்டென்சி கணக்கு இதெல்லாம் எஞ்சினியரிங் வேலை, யார் வேண்டுமானாலும் இன்னும் நன்றாகச் செய்துவிடலாம், செய்தும் இருக்கிறார்கள். இந்த மெயின்டெய்னர் வரிதான் டெபியனின் உயிர் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பொட்டலம் கெட்டால் இன்னாரைக் கேளு என்று சொல்கிற வரி. எஸ்எல்எஸ்ஸில் இல்லாமல் போனது அதுதான்.

முதல் சில மாதங்கள் இயன் பெரும்பாலும் தனியாகவே வேலை செய்தார். 1994 ஜனவரியில் 0.91 வெளிவந்தது. அந்த வருஷத்தின் பெரும்பகுதி, மற்றவர்கள் சேர்ந்து வேலை செய்ய ஏற்ற மாதிரி திட்டத்தை ஒழுங்குபடுத்துவதிலேயே போனது. இன்னிக்கு நம்ம ஹாக்கத்தான் கணக்குக்கு இது நேர விரயம். ஆனால் அப்போது செய்த அடித்தளம்தான் பிறகு பல ஆயிரம் பொட்டலங்களைத் தாங்கியது. டிபிகேஜி என்ற நிரல் முதலில் வெறும் ஷெல் ஸ்கிரிப்ட். அதை மேட் வெல்ஷ், கார்ல் ஸ்ட்ரீட்டர், இயன் மர்டாக் மூவரும் பெர்லில் திருப்பி எழுதினார்கள். பிறகு இயன் ஜாக்சன் என்ற இன்னொரு இயன் அதன் முக்கியப் பகுதியை சி மொழியில் எழுதினார். ரெண்டு இயன்களையும் குழப்பிக்கொள்பவர்கள் இன்னும் உண்டு. 1994 நவம்பரிலிருந்து ஒரு வருஷம் ஸ்டால்மனின் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் பண உதவி செய்தது.

1996 மார்ச்சில் இயன் தலைமைப் பொறுப்பை புரூஸ் பெரன்ஸிடம் கொடுத்துவிட்டு விலகினார். 22 வயதில், தான் தொடங்கியதை, தன் பெயர் ஒட்டியிருப்பதை, இன்னொருவர் கையில் கொடுப்பது லேசான காரியம் இல்லை. நம்ம சிம்போசியம் கமிட்டி தலைவர்களைப் பார்த்தாலே தெரியும்.

பெரன்ஸ் அப்போது பிக்ஸாரில் வேலை பார்த்தார். அதனால்தான் டெபியன் வெர்ஷன்களுக்கு டாய் ஸ்டோரி படத்தின் பாத்திரப் பெயர்கள்: பஸ், ரெக்ஸ், போ, ஹாம். முதல் பெயரிட்ட வெளியீடான பஸ் 1.1 என்ற எண்ணோடு 1996 ஜூனில் வந்தது, 474 பொட்டலங்களோடு. 1.0 எங்கே என்று கேட்பீர்கள். ஒரு சிடி கம்பெனி முடியாத வெர்ஷனையே 1.0 என்று அச்சடித்து விற்றுவிட்டது. குழப்பம் வேண்டாமென்று அந்த எண்ணையே தாண்டிவிட்டார்கள்.

இயன் விலகின பிறகுதான் டெபியன் பெரிதாக வளர்ந்தது. 1997-ல் சோஷியல் கான்ட்ராக்ட் என்ற வாக்குறுதி ஆவணம், அதிலிருந்த வழிகாட்டி நெறிகளை வைத்தே அடுத்த வருஷம் ஓபன் சோர்ஸ் என்பதற்கான வரையறை. 1999-ல் வந்த 2.1 வெர்ஷனோடு ஆப்ட். 2004-ல் டெபியனை அடிப்படையாக வைத்து உபுண்டு. 2007-ல் நம்ம சென்னை சி-டாக் மையம் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான். தமிழ்நாடு அரசு 2011-லிருந்து கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே பாஸ் இருந்தது ஞாபகம் இருக்கா? நம்ம அண்ணன், அக்காக்கள் பெரும்பாலும் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டாங்க. ஆனால் அதற்குள்ளும் அதே டிபிகேஜிதான் உட்கார்ந்திருந்தது. 2023 செப்டம்பரில் டெபியன்காரர்களின் வருஷாந்திர மாநாடு முதல்முறையாக இந்தியாவில், கொச்சியில் நடந்தது. 2025-ல் வந்த டிரிக்ஸி வெர்ஷனில் கிட்டத்தட்ட 70,000 பொட்டலங்கள்.

இனி இயனின் கதைக்கு. எனக்கு இந்தப் பாதிதான் அதிகம் பிடிக்கும். காரணம், ஒரு முறை வெற்றி பெற்ற விடையையே அவர் வாழ்நாள் முழுக்கப் பிடித்துத் தொங்கவில்லை. பொட்டலம் கட்டுவது எப்படி என்ற அதே கேள்வியைத் திரும்பத் திரும்ப வேறு இடத்திலிருந்து கேட்டார்.

அடுத்து அவர் தொடங்கியது புரோஜெனி என்ற கம்பெனி, இண்டியானாபோலிஸில். 2001-ல் டெபியனை அடிப்படையாக வைத்து ஒரு டிஸ்ட்ரிபியூஷன் வெளியிட்டது, பெரிதாகப் போகவில்லை. பிறகு ஒவ்வொரு கஸ்டமருக்கும் தேவையான பாகங்களை மட்டும் சேர்த்து லினக்ஸ் கட்டித் தரும் வேலைக்கு மாறியது. 2007-ல் கம்பெனி மூடப்பட்டது. அதற்கு முன்பே, 2006-ல், இயன் ஃப்ரீ ஸ்டாண்டர்ட்ஸ் குரூப்பில் தொழில்நுட்பத் தலைவராகப் போயிருந்தார். அங்கே வேலை லினக்ஸ் ஸ்டாண்டர்ட் பேஸ். ரெட் ஹாட்டுக்கு ஒரு பொட்டலம், டெபியனுக்கு ஒன்று, சூஸேவுக்கு ஒன்று என்று கட்டிக்கொண்டிருக்காமல், ஒரே தடவை கட்டினால் எல்லாவற்றிலும் ஓட வேண்டும் என்பது அதன் நோக்கம். இதில் ஒரு வேடிக்கை: அந்தத் தரநிலை தேர்ந்தெடுத்திருந்த பொட்டல வடிவம் டெப் இல்லை, போட்டியாளரான ஆர்பிஎம்! டெபியனைத் தொடங்கியவரே அதற்குத் தலைமை தாங்கினார். அது கடைசிவரை சரியாக ஓடவில்லை என்பது வேறு கதை. 2015-ல் டெபியனே அதை ஏறக்குறையக் கைகழுவியது.

2007 மார்ச்சில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ். லினக்ஸ் முகாம்காரர் சோலாரிஸ் கம்பெனிக்குப் போனதைப் பலர் விசித்திரமாகப் பார்த்தார்கள். அங்கே அவர் தலைமையில் நடந்த திட்டத்துக்குப் பெயர் இண்டியானா, சொந்த மாநிலத்தின் பெயர். சோலாரிஸை லினக்ஸ்காரர்களுக்கும் பழக்கமான விதத்தில் எளிதாகப் பயன்படுத்தும்படி ஆக்குவது குறிக்கோள். 2008 மே மாதம் ஓபன்சோலாரிஸ் வெளிவந்தது, ஐபிஎஸ் என்ற புது பொட்டல முறையோடு. சன்னின் எஞ்சினியர்கள் வடிவமைத்த இதில் ரெண்டு விஷயம் கவனிக்கத்தக்கது. ஒன்று, பொட்டலம் போடும்போது அதற்குள் இருக்கும் ஸ்கிரிப்ட் ஓடுவது என்கிற பழக்கத்தையே எடுத்துவிட்டார்கள். டெப் பொட்டலத்தில் போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்ட் பாதியில் செத்துப்போய் மொத்த ஆப்ட்டும் சிக்கிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ரெண்டாவது, அப்டேட் செய்யும் முன் சிஸ்டத்தின் நகல் ஒன்றை இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் எடுத்து, அந்த நகலில் அப்டேட் செய்வார்கள். சொதப்பினால் ரீபூட் செய்து பழையதற்குத் திரும்பலாம். இன்று ஆண்ட்ராய்டு போன்களில் ரெண்டு பார்ட்டிஷன் வைத்து ஒன்றில் அப்டேட் செய்வதும், கார்களுக்கு வயர்லெஸ்ஸில் அப்டேட் அனுப்பும்போது பழைய வெர்ஷனைப் பத்திரமாக வைத்திருப்பதும் அதே சிந்தனைதான். எம்பெடட் பக்கம் வேலைக்குப் போகிற நம்ம ஆட்களுக்கு இது பாடத்திட்டத்தில் இல்லை, ஆனால் வேலையில் வரும்.

2010-ல் சன்னை ஆரக்கிள் வாங்கியது. இயன் வெளியேறினார். ஓபன்சோலாரிஸையும் ஆரக்கிள் நிறுத்திவிட்டது. அடுத்த வருஷத்திலிருந்து இண்டியானாபோலிஸில் எக்ஸாக்ட் டார்கெட் என்ற கம்பெனியில் இருந்தார். பிறகு 2015 நவம்பரில் டாக்கர்.

டாக்கர் என்றால் என்ன என்று இந்த இதழின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் டெபியனிலிருந்து பார்த்தால் அது நேர் எதிர்த்திசை. டெபியனில் ஒரு லைப்ரரி ஒரே பிரதிதான் இருக்கும், எல்லா சாஃப்ட்வேரும் அதையே பங்கிட்டுக்கொள்ளும். கன்டெய்னரில் ஒவ்வொரு சாஃப்ட்வேரும் தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் தன்னோடு மூட்டை கட்டிக்கொண்டு வரும். ஏன் அப்படி ஒரு தேவை வந்தது? டெபியன் ஸ்டேபிளில் கிடைக்கிற வெர்ஷன் பழசாக இருக்கும். ஒரு ப்ராஜெக்ட்டுக்கு ஒரு வெர்ஷன் வேணும், இன்னொன்றுக்கு வேறு. என் லேப்டாப்பில் ஓடுது, உன்னுடையதில் ஓடலை என்ற சண்டை. ரிவ்யூ அன்று டெமோ காட்ட முடியாமல் நின்ற எந்த டீமைக் கேட்டாலும் சொல்வார்கள். டாக்கர் இதைத் தீர்த்தது, சந்தேகமே இல்லை. ஸ்னாப், பிளாட்பேக் இரண்டும் டெஸ்க்டாப்பில் இதே வழியில் போகின்றன. நிக்ஸ் மாதிரியானவை வேறொரு வழியில், ஒரே லைப்ரரியின் பல வெர்ஷன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கின்றன.

ஆனால் மூட்டை கட்டும்போது மெயின்டெய்னர் வரி என்ன ஆகிறது? 2021 டிசம்பரில் ஜாவாவின் லாக்ஃபோர்ஜே லைப்ரரியில் பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோது உலகம் முழுக்க கம்பெனிகள் திணறியது அதைத் திருத்த முடியாமல் இல்லை. திருத்தம் சீக்கிரமே வந்துவிட்டது. தங்களிடம் இருக்கிற எந்தெந்த மூட்டைக்குள் அந்த லைப்ரரி ஒளிந்திருக்கிறது என்றே பலருக்குத் தெரியவில்லை. லாட் நம்பர் இல்லாத பாகத்தை ஆயிரம் காரில் மாட்டிவிட்டு ரீகால் அறிவிப்பது மாதிரி.

டெபியன் முறை மட்டும் சுத்தமா என்றால், அதுவும் இல்லை. 2006-ல் டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் பொட்டலத்தில் செய்த ஒரு சின்ன மாற்றத்தால் ரகசியச் சாவிகளின் தற்செயல்தன்மை போய்விட்டது. ஒரு வகைச் சாவிக்கு 32,768 சாத்தியங்கள்தான் மிஞ்சின. 2008 மே மாதம்தான் வெளியே தெரிந்தது. அசல் நிரலில் இல்லாத பிழை, பொட்டலம் கட்டும் இடத்தில் நுழைந்தது. 2024 மார்ச்சில் நடந்தது இன்னும் மோசம். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியைத் தனியாளாகப் பல வருஷம் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு உதவுவதாக வந்த ஒருவர், ரெண்டு வருஷத்துக்கு மேல் நம்பிக்கை சம்பாதித்து, பொறுப்பையும் வாங்கிக்கொண்டு, உள்ளே ஒரு பின்வாசலை வைத்துவிட்டார். டெபியனின் சோதனை வெர்ஷன் வரைக்கும் வந்துவிட்டது. ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற எஞ்சினியர், எஸ்எஸ்ஹெச் லாகின் வழக்கத்தைவிட அரை செகண்ட் அதிகம் எடுக்கிறதே என்று துருவிப் பார்த்ததால் மாட்டியது. ஸ்டேபிள் வெர்ஷனுக்குப் போகும் முன் நிறுத்தப்பட்டது.

என் கருத்து இதுதான். மெயின்டெய்னர் வரியில் பெயர் இருப்பது மட்டும் போதாது, அந்தப் பெயருக்குப் பின்னால் களைத்துப்போகாத ஆட்கள் இருக்கணும். பொட்டலத்தின் வடிவத்தை எத்தனை தடவை மாற்றி யோசித்தாலும் இந்தக் கணக்கு இடம் மாறுகிறதே தவிர தீர்வதில்லை. டாக்கர் இமேஜுக்குள் எட்டிப் பார்த்தாலே தெரியும். பைத்தானின் அதிகாரப்பூர்வ இமேஜ் வழக்கமாகக் கட்டப்பட்டிருப்பது டெபியன் மேலேதான். நம்ம டாக்கர்ஃபைலில் முதல் சில வரிகளில் ஒன்று ஆப்ட்-கெட் இன்ஸ்டால் ஆகத்தான் இருக்கும். டாக்கர் ஆபீஸுக்குள் இயன் நுழைவதற்கு முன்பே அவர் வேலை அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

அங்கே அவர் இருந்தது ரெண்டு மாதம்கூட இல்லை. 2015 டிசம்பர் 28 அன்று சான் பிரான்சிஸ்கோவில் இறந்தார். வயது 42. அதற்கு முந்தைய நாட்களில் போலீஸோடு ஏற்பட்ட மோதலைப் பற்றி ட்விட்டரில் மிகுந்த கோபத்தோடும் வேதனையோடும் எழுதியிருந்தார். தற்கொலை என்று அதிகாரப்பூர்வமாக முடிவு சொன்னார்கள். அந்த நாட்களைக் கிளறி எழுதுவதில் எனக்கு விருப்பமில்லை. ஹாஸ்டலில், க்ளாஸில் யாராவது அந்த மாதிரி நிலையில் இருக்கிறதாத் தெரிஞ்சா, டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

2017 ஜூன் 17 அன்று டெபியன் 9, ஸ்ட்ரெச், வெளிவந்தது. அந்த வெர்ஷனை இயன் மர்டாக்குக்குச் சமர்ப்பித்தார்கள்.

உங்க உபுண்டுவிலோ டெபியனிலோ யுஎஸ்ஆர், ஷேர், டாக், டிபிகேஜி என்று ஃபோல்டர் ஃபோல்டராக உள்ளே போனால் காப்பிரைட் என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். அதில் வருஷம் 1994, பக்கத்தில் இயன் மர்டாக்.